அத்தியாயம் 6: சும்மா இருக்கக் கற்றுக்கொடுப்பது

கடுகு எங்கள் வீட்டுக்கு ஒரு வாழைப்பழ அட்டைப்பெட்டியில் வந்தது. பத்து வாரக் குட்டி, ஐந்து கிலோ. ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். தாய் ஜெர்மன் ஷெப்பர்ட், தகப்பன் தெருவில் யாரோ. முதல் இரண்டு நாள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் படுத்துக் கிடந்தது. மூன்றாம் நாள் மாலை வெளியே வந்து வேலையை ஆரம்பித்தது. சமையலறையில் நின்ற நான், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த என் வீட்டுக்காரர், பூஜை அலமாரி பக்கம் இருந்த அத்தை, மூன்று பேரையும் புடவைத் தலைப்பிலும் கைலி ஓரத்திலும் கவ்விக் கவ்வி ஹாலில் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, வாசற்படியை அடைத்து உட்கார்ந்துகொண்டது.

"ஏம்மா, இது நாயா டிராஃபிக் போலீஸா?" என்றார் அத்தை.

பயந்த குட்டியையும் நோய்ப்பட்ட குட்டியையும் பற்றி முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இது அவற்றுக்கு நேர் எதிரான சிக்கல். சாப்பிடும், விளையாடும், சொன்னது உடனே புரியும், உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் ஃபாஸ்டர் வீட்டிலிருந்து பாதியில் திருப்பி அனுப்பப்படுவதும், தத்துப் போன இடத்திலிருந்து ஆறாம் மாதம் திரும்பி வருவதும் பெரும்பாலும் இந்த ரகம்தான். என் வீட்டுக்கு வந்த இத்தகைய குட்டிகளில் மூன்று ஏற்கெனவே ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வந்தவை.

மந்தை இல்லாத மேய்ப்பன்

நம் ஊரில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளிடமும் நாய் உண்டு. அதன் வேலை காவல். இரவில் நரியோ திருடனோ வந்தால் குரைக்கும். ஆட்டைத் திரட்டுவதும் திருப்புவதும் கீதாரியின் குரலும் கம்பும் செய்கிற வேலை. ஐரோப்பாவின் மேய்ச்சல் நாய்களுக்கு அந்தத் திரட்டும் வேலையையே கொடுத்துப் பழக்கினார்கள். உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது என்று வேட்டையின் முன்பாதியை வைத்துக்கொண்டு, பிடித்துக் கொல்லும் பின்பாதியைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்து மட்டுப்படுத்தினார்கள்.

இதிலும் எல்லாம் ஒன்றல்ல. இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் உருவான பார்டர் கோலி, கண்ணால் வேலை வாங்கும். தலையைத் தாழ்த்திப் பதுங்கி, முறைத்தே ஆட்டை நகர்த்திவிடும். ஆஸ்திரேலியாவின் மாட்டு நாய் குதிகாலைக் கவ்வும். ஜெர்மன் ஷெப்பர்டின் வேலை இன்னொன்று. வேலி இல்லாத வயல்களுக்கு நடுவே ஆடு மேயும்போது, பயிருக்கும் மந்தைக்கும் இடையிலான கோட்டிலேயே அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக ஓடிக்கொண்டிருக்கும். நடமாடும் வேலி என்று சொல்லலாம். 1899இல் மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரி, ஹோராண்ட் என்ற நாயை முதல் பெயராகப் பதிந்து இந்த இனத்துக்குச் சங்கம் தொடங்கியபோது, பொழுது முழுக்க அலுக்காமல் இப்படி ஓடும் நாயைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த வேலியைக் கொண்டுவந்து மடிப்பாக்கத்தில் இரண்டாம் மாடி ஃபிளாட்டில் வைத்தால் என்ன ஆகும்? பால்கனி கிரில்லை ஒட்டி நடந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டுக் குழந்தை ஓடினால் முன்னால் பாய்ந்து மறிக்கும். விருந்தாளி கை கழுவ எழுந்தால் கணுக்காலைக் கவ்வும். இதைப் பார்த்து "கடிக்கிற குட்டி" என்று முத்திரை குத்திவிடுவார்கள். ஆடு கிடைக்காத குறைக்கு அது ஆளை மேய்த்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் இனத்தின் பெயரை ஜாதகம் மாதிரி நம்பவும் வேண்டாம். 2022இல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டும், சுமார் 2,000 நாய்களின் மரபணுவைப் படித்தும், ஒரு தனி நாயின் குணத்தில் இனத்தை வைத்துச் சொல்லக்கூடியது 9 சதவீதம் அளவுக்குத்தான் என்றது. மனிதர் சொல்வதைக் கவனித்துச் செய்யும் குணத்தில் மட்டும் இனத்தின் பங்கு மற்றவற்றைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. கலப்புக் குட்டிக்கு இது இன்னும் பொருந்தும். கடுகுடன் பிறந்த இன்னொரு குட்டி வேறொரு ஃபாஸ்டர் வீட்டில் நாள் முழுக்கத் தூங்கியது. எனவே "ஷெப்பர்ட் கலப்பு, அதனால் இப்படித்தான்" என்று முதல் நாளே முடிவு கட்டாமல், ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிப் பார்த்ததைப் பார்த்தபடி எழுத ஆரம்பியுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கியது, எதைப் பார்த்துக் குரைத்தது, எதைக் கண்டு பின்வாங்கியது. அந்த நோட்டு பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது.

முதல் பதினான்கு நாள்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், விவரம் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. வீட்டில் வேறு நாய் இருந்தால் 14 நாள் தனி அறை, தனிக் கிண்ணம், தனித் துடைப்பம். பார்வோ வைரஸ் உடம்பில் இருந்தால் பெரும்பாலும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். பார்வோ ஃபினாயிலுக்கு அசையாது. கடையில் விற்கும் பிளீச் திரவத்தில் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரையில் 10 நிமிடம் நிற்கவிட்டுக் கழுவுங்கள். தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாக 16 வாரம் வரை போடவேண்டும். ரேபிஸ் ஊசி மூன்று மாதம் முடிந்ததும். குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

மேய்ச்சல் நாய்க் கலப்புக்கென்றே ஒரு எச்சரிக்கை உண்டு, அதை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும். கோலி வகை நாய்கள் பலவற்றில் எம்.டி.ஆர்.1 என்ற மரபணுவில் ஒரு குறை இருக்கும். சில மருந்துகள் மூளைக்குள் போகாமல் வெளியே தள்ளிவிடும் காவற்காரன் அந்த மரபணுவால்தான் உண்டாகிறது. குறை இருந்தால் மருந்து உள்ளே தங்கிவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2001இல் இதைக் கண்டுபிடித்தார்கள். நீண்ட முடிக் கோலிகளில் பத்தில் ஏழுக்கு இந்தக் குறை இருக்கலாம். ஜெர்மன் ஷெப்பர்டில் பத்தில் ஒன்று. நமக்கு இது ஏன் முக்கியம் என்றால், சொறி பிடித்த தெருக்குட்டிக்கு நம் ஊரில் சட்டென்று கை போவது ஐவர்மெக்டின் ஊசிக்குத்தான். சொறிக்குக் கொடுக்கும் அளவு, இந்தக் குறையுள்ள குட்டியைத் தள்ளாட வைத்து, நினைவிழக்கச் செய்து, கொல்லவும் கூடும். வயிற்றுப்போக்குக்கு மனிதர்கள் போட்டுக்கொள்ளும் லோபரமைடு மாத்திரையும் அப்படித்தான். வீட்டில் இருக்கிறதே என்று பாதியை உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். மேசையில் குட்டியைத் தூக்கி வைக்கும்போதே, "டாக்டர், இது ஷெப்பர்ட் கலப்பு, ஐவர்மெக்டின் கொடுக்கலாமா பாருங்க" என்று சொல்லிவிடுங்கள். சொறிக்கு வேறு மருந்துகள் இருக்கின்றன.

இந்தப் பதினான்கு நாளில் தெருவில் இறக்கி நடத்தக் கூடாது. அதே சமயம் குட்டியின் மனம் உலகத்தை ஏற்றுக்கொள்ளத் திறந்திருப்பது மூன்று வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்கு வாரம் வரைதான். அந்தக் கதவு ஊசி முடியும்வரை காத்திருக்காது. வழி எளிது. தூக்கிக்கொண்டு போங்கள். மடியில் வைத்து ஆட்டோவில் ஒரு சுற்று, மாடிப்படியில் பத்து நிமிடம், ஜன்னலோரம் காய்கறி வண்டிக்காரர் குரல். கடுகு மிக்ஸிக்குப் பயப்படவில்லை. குக்கர் விசிலுக்குத்தான் மேசைக்கடியில் ஓடியது. விசில் வரும்போதெல்லாம் ஒரு துண்டு வேகவைத்த கோழி என்று வைத்தேன். நான்காம் நாள் மூன்று விசில் வந்தால் மூன்று துண்டு கேட்டு அடுப்படியில் நின்றது.

பல்

மேய்ச்சல் குட்டி கவ்வுவது அசைகிற பொருளை. நைட்டி ஓரம், புடவைத் தலைப்பு, ஓடும் கால். காலை உதறினால் அதற்கு விளையாட்டு இன்னும் சூடு பிடிக்கும். "ஏய், விடு" என்று நீங்கள் போடும் சத்தம் அதன் காதில் உற்சாகக் கூச்சலாகத்தான் விழும். கவ்வியதும் அப்படியே மரம் மாதிரி நில்லுங்கள். அசையாத ஆட்டில் அதற்குச் சுவாரசியம் இல்லை. பல் விலகிய கணம், இடுப்பில் செருகி வைத்திருக்கும் பழைய துண்டின் முடிச்சைத் தரையில் இழுத்துக் காட்டுங்கள். கவ்வுவதற்கென்று ஒன்று வேண்டும், அது காலாக இருக்கக் கூடாது என்பதுதான் பாடம். தேங்காய் நார்க் கயிறு வேண்டாம். பிரித்து விழுங்கிவிடும்.

வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால், குட்டி விழித்திருக்கும் நேரத்தில் ஓட்டப் பந்தயம் கூடாது என்பது குழந்தைகளுக்கான விதி. குட்டிக்கு விதி போட்டுப் பயனில்லை.

இன்னொன்று, கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ரேபிஸ் ஊசி போடாத குட்டியின் பல் பட்டுத் தோல் கிழிந்தால், "குட்டிதானே" என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஃபாஸ்டர் செய்வதென்று முடிவெடுத்தவர்கள் ரேபிஸ் முன்தடுப்பூசியை முதலிலேயே போட்டுக்கொள்வது நல்லது. நான் இரண்டாவது குட்டிக்குப் பிறகுதான் போட்டுக்கொண்டேன். அந்தக் குட்டியின் பல் பட்டபின் கழிந்த பத்து இரவுகளை யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஓடவிட்டால் அடங்குமா?

எல்லோரும் சொல்லும் யோசனை: "நல்லா ஓடவிடுங்க, களைச்சுப் போய்த் தூங்கும்." நானும் செய்து பார்த்தேன். மொட்டை மாடியில் காலையில் அரை மணி பந்து, மாலையில் அரை மணி. முதல் வாரம் தூங்கியது. இரண்டாம் வாரம் முக்கால் மணி தேவைப்பட்டது. மூன்றாம் வாரம் என் தோள்பட்டை விட்டுப்போனது, கடுகு மாடிப்படியில் பந்தோடு காத்திருந்தது. ஓட ஓட அதற்கு மூச்சு பலம் கூடுகிறது. களைப்பு எங்கே வரும்? போதாக்குறைக்கு, பந்து பறக்கும் ஒவ்வொரு தடவையும் துரத்தும் வெறி மேலே ஏறுகிறது. வளரும் எலும்புக்கும் திரும்பத் திரும்பக் குதித்துத் திரும்புவது நல்லதல்ல.

பத்துப் பதினைந்து வாரக் குட்டி ஒரு நாளைக்கு 18 மணி நேரமாவது தூங்கவேண்டும். மேய்ச்சல் ரத்தம் ஓடும் குட்டிக்கு அந்தத் தூக்கம் தானாக வராது. வீட்டில் யாராவது அசைந்தால் எழுந்துவிடும். தூக்கம் கெட்ட குட்டி, தூக்கம் கெட்ட குழந்தை மாதிரியே கண்மண் தெரியாமல் ஆடும். அதைப் பார்த்து "இன்னும் எனர்ஜி இருக்கு" என்று மறுபடி ஓடவிடுவோம். இந்தச் சுழலில்தான் ஃபாஸ்டர் வீடுகள் மாட்டிக்கொள்கின்றன.

நான் இப்போது பின்பற்றும் கணக்கு: ஒரு மணி நேரம் விழிப்பு, இரண்டு மணி நேரம் ஓய்வு. ஓய்வு என்றால் கூண்டிலோ, ஜன்னலில் துணி போட்டு இருட்டாக்கிய அறையிலோ, மெல்லக்கூடிய ஏதாவது ஒன்றோடு. முதல் மூன்று நாள் முனகும். பக்கத்தில் உட்கார்ந்து புத்தகம் படியுங்கள், பேசாதீர்கள். வெயில் காலத்தில் காலை ஆறுக்கு முன்னும் மாலை ஏழுக்குப் பின்னும்தான் வெளியே. புறங்கையைத் தார்ச்சாலையில் வைத்து ஐந்து எண்ணுங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

சாக்கு

இந்த அத்தியாயத்தில் ஒன்றே ஒன்றைத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். உட்காரு, கை கொடு எல்லாம் தத்து எடுப்பவர் சொல்லிக்கொடுத்துக்கொள்வார், இந்தக் குட்டிகள் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளும். யாரும் சொல்லிக்கொடுக்காதது சும்மா இருப்பது.

ஒரு சுத்தமான அரிசிச் சாக்கை நான்காக மடித்துக்கொள்ளுங்கள். ஜமுக்காளம் கூடச் சரி. சாக்கின் நன்மை, எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம், நாளைக்குப் புது வீட்டுக்கும் கூடவே போகும். நாற்காலியில் உட்காருங்கள். குட்டியின் கயிற்றைக் காலடியில் மிதித்துக்கொள்ளுங்கள், அது வசதியாகப் படுக்கும் அளவு தளர்வு விட்டு. காலடியில் சாக்கு. கையில் அதன் அன்றைய உணவிலிருந்து எடுத்த ஒரு பிடி, மிளகளவுத் துண்டுகளாக. கூப்பிடாதீர்கள், சொல்லாதீர்கள், கண்ணைக்கூடப் பார்க்காதீர்கள்.

அது இழுக்கும், குதிக்கும், உங்கள் செருப்பை மெல்லும். பிறகு யோசிக்கும். எப்போதாவது ஒரு கால் சாக்கில் பட்டவுடன் ஒரு துண்டைச் சாக்கின் மேல் வையுங்கள், வாயில் கொடுக்காதீர்கள். உணவு வரும் இடம் சாக்கு, கை அல்ல என்று அதற்குப் புரியவேண்டும். உட்கார்ந்தால் ஒன்று. முழங்கை தரையில் பட்டால் இரண்டு. கவனியுங்கள்: முழங்கை பட்டுப் படுத்திருந்தாலும் பின்கால் இரண்டும் ஸ்பிரிங் மாதிரி மடிந்திருந்தால் அது ஓட்டத்துக்குத் தயார் நிலை. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து, பெருமூச்சு ஒன்று விட்டு, முகவாயைத் தரையில் வைக்கும்போதுதான் உண்மையான ஓய்வு. அந்தப் பெருமூச்சுக்கு நான்கு துண்டு கொடுங்கள், ஒவ்வொன்றாக, மெதுவாக.

இடைவெளியை நீட்டுங்கள். இரண்டு விநாடி, ஐந்து, இருபது, நடுவில் திடீரென்று மூன்று. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒரு வாரம் போனபின், அது படுத்திருக்கும்போது சொல்லுங்கள்: "சும்மா இரு." செயலுக்குப் பெயர் வைப்பது கடைசியில். முதல் நாளே சொல்லிக்கொண்டிருந்தால், குதிப்பதற்குத்தான் "சும்மா இரு" என்று பெயர் என்று அது கற்றுக்கொள்ளும். அத்தை அப்படித்தான் கற்றுக்கொடுத்தார். அந்த வார்த்தையைக் கேட்டதும் கடுகு இரண்டு நாள் வாலை ஆட்டிக்கொண்டு குதித்தது.

பிறகு சாக்கைக் கடினமாக்குங்கள். நீங்கள் எழுந்து நிற்பது, இரண்டடி நடப்பது, அத்தை புடவைத் தலைப்பை உதறுவது, காலிங் பெல். காலிங் பெல் பத்தாவது நாளுக்கு முன் வேண்டாம்.

மூளைக்குத் தீனி

அமெரிக்காவில் தென் கரோலினாவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர், சேசர் என்ற பார்டர் கோலிக்கு 1,022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்து 2011இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். தினமும் நாலைந்து மணி நேரம், மூன்று வருடம். நமக்குக் குக்கர் இருக்கிறது, அலுவலகம் இருக்கிறது. நாளைக்குப் பத்துப் பத்து நிமிடமாக இரண்டு தடவை போதும்.

கிண்ணத்தில் சோறு வைப்பதை நிறுத்துங்கள். ஒரு வேளை உணவைத் துண்டில் சுருட்டித் தேடவிடலாம். மூன்று கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து ஒன்றின் அடியில் மட்டும் வைக்கலாம். முதல் நாள் மூன்றையும் தட்டிவிடும், நான்காம் நாள் மோந்து பார்த்து ஒன்றைத் தொடும். முறத்தில் உமியைக் கொட்டி அதில் கலந்துவிடலாம், வீடு பெருக்குவது உங்கள் பொறுப்பு. மூக்கைப் பயன்படுத்தும் விளையாட்டு குட்டியை ஆசுவாசப்படுத்தும், துரத்தும் விளையாட்டு கிளப்பிவிடும். எது எப்போது தேவை என்பது அந்த நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நம் சமையலறையில் கவனிக்க வேண்டியவை: பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பச்சைத் திராட்சையும் அப்படியே. வெங்காயம் ரத்த அணுக்களை அழிக்கும், அதனால் சாம்பார் சோறு கூடாது. தயிர்ச்சோறு ஒரு வாய் குற்றமில்லை. ஆனால் தயிர்ச்சோற்றிலேயே வளர்ந்த குட்டிக்குப் புரதம் போதாது.

புத்திசாலிக் குட்டிக்கு ஒரு ஆபத்து இருக்கிறது. நல்லதை மூன்று தடவையில் கற்றால், கெட்டதை ஒரே தடவையில் கற்கும். குரைத்தது, வாயை அடைக்க ஒரு பிஸ்கட் கொடுத்தோம் என்றால், பிஸ்கட் வேண்டுமானால் குரைக்கவேண்டும் என்று கணக்கு முடிந்தது. கடுகு ஒரு தடவை என் வீட்டுக்காரரின் சாக்ஸைத் தூக்கிக்கொண்டு ஓட, அவர் பின்னால் ஓடினார். அன்றிலிருந்து அவர் போன் பேசும்போதெல்லாம் ஒரு சாக்ஸ் வரும்.

கட்டளைகளுக்குக் கை ஜாடையும் சேர்த்துப் பழக்குங்கள். உங்கள் வீட்டில் "வா", "விடு", "உட்காரு". தத்து எடுப்பவர் தெலுங்கு பேசலாம், ஆங்கிலம் மட்டுமே பேசலாம். ஜாடைக்கு மொழி இல்லை.

பைக்

துரத்தும் குணம் வீட்டுக்குள் தொல்லை என்றால் தெருவில் உயிராபத்து. இரண்டு சக்கர வண்டி ஓடுகிற ஆடு. ஊசி முடிந்து தெருவில் நடக்கத் தொடங்கிய முதல் வாரத்திலேயே இதைக் கவனிக்கவேண்டும், ஒரு தடவை துரத்தி ருசி கண்டபின் பாடு அதிகம்.

ஹார்னெஸ் போட்டு, கயிற்றைக் கையில் சுற்றாமல் பிடித்து, வண்டிகள் தெரியும் ஆனால் தொலைவில் இருக்கும் ஓர் இடத்தில் உட்காருங்கள். எங்களுக்கு அது காலை வேளையில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தின் உள்பக்கம். வண்டி போகிறது, குட்டி பார்க்கிறது, பார்த்த உடனேயே நீங்கள் "சரி" என்று ஒரு துண்டு கொடுக்கிறீர்கள். பார்ப்பது தப்பில்லை, பார்த்துவிட்டு உங்களிடம் திரும்புவது லாபம். உடம்பு விறைத்து, தலை தாழ்ந்து, கூப்பிட்டால் காது கேட்காத நிலைக்குப் போனால் நீங்கள் மிக அருகில் இருக்கிறீர்கள் என்று பொருள். பத்தடி பின்னால் போங்கள். திட்டாதீர்கள். கடுகுக்கு முப்பது மீட்டரிலிருந்து நடைபாதை ஓரத்துக்கு வர ஐந்து வாரம் ஆனது. புல்லட் மட்டும் கடைசி வரை முறைப்புத்தான்.

விளம்பரம் எழுதுவது

தத்துக்கான அறிவிப்புகளைப் பாருங்கள். எல்லாக் குட்டியும் "அன்பான, சுறுசுறுப்பான, விளையாட்டுத்தனமான" குட்டி. இந்த மூன்று வார்த்தையை நம்பி வரும் குடும்பம்தான் ஆறு மாதத்தில் திருப்பிக் கொண்டுவருகிறது. நோட்டை எடுங்கள். கடுகுக்கு நான் எழுதியது இது:

"பெண் குட்டி, நாலரை மாதம், ஷெப்பர்ட் கலப்பு என்று தெரிகிறது. 14 கிலோ, இன்னும் வளரும். ஊசிகள் முடிந்தன. இரண்டு மணி நேரம் தனியாக இருக்கும். மூன்றாம் மணியில் செருப்புக்கு நான் பொறுப்பில்லை. ஓடும் குழந்தையை மறிக்கும், உட்கார்ந்த குழந்தையின் காலடியில் தூங்கும். பைக்கைப் பார்த்தால் உங்களைத் திரும்பிப் பார்க்கும், புல்லட் தவிர. சாக்கை விரித்தால் இருபது நிமிடம் சும்மா இருக்கும். தினமும் ஒரு மணி நேரம் இதற்கென்று ஒதுக்க முடியாதவர்கள் அருள்கூர்ந்து வேறு குட்டியைப் பாருங்கள்."

கூட ஃபாஸ்டர் செய்யும் ஒரு தோழி, "இப்படி எழுதினா யாருடி எடுப்பா?" என்றாள். வந்த அழைப்பு குறைவுதான். மொத்தம் ஆறு. முதலில் ஒருவர் செங்கல்பட்டுப் பக்கம் தோப்புக் காவலுக்குக் கேட்டார். நல்ல மனிதர், சாப்பாட்டுக்குக் குறை வைக்கமாட்டார். ஆனால் பகலெல்லாம் சங்கிலியில், ஆள் முகம் காலையும் மாலையும் மட்டும் என்றார். மனிதர் கூடவே வேலை செய்யப் பிறந்த நாய்க்கு அது தனிச்சிறை. மறுத்துவிட்டேன். இன்னொரு வீட்டில் மூன்று வயதும் ஐந்து வயதும் இரண்டு பிள்ளைகள், ஆசையாகக் கேட்டார்கள். அவர்களுக்கு நான் பேசி வைத்திருந்த வேறொரு வளர்ந்த நாட்டு நாயைக் காட்டினேன், அது அந்த வீட்டில் இன்றும் இருக்கிறது.

கேட்கவேண்டிய கேள்விகள் பல உண்டு, பத்தாம் அத்தியாயத்தில் முழுப் பட்டியல் இருக்கிறது. மேய்ச்சல் கலப்புக்கு நான் தவறாமல் கேட்பது ஒன்று: "பகலில் வீட்டில் யார், எத்தனை மணி நேரம்?" இந்தக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்பவர்கள் யோசித்துவிட்டு வந்தவர்கள். அடுக்குமாடிக்காரர் என்றால் சங்கத்துக்காரர்கள் நாய் கூடாது என்று சொன்னார்களா என்றும் கேளுங்கள். பெரும்பான்மை வாக்கு எடுத்தாலும் வளர்ப்புப் பிராணியைத் தடை செய்யக் குடியிருப்போர் சங்கத்துக்கு அதிகாரமில்லை என்பது இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல். அதன் நகல் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவேன்.

கடைசியில் தாம்பரம் பக்கம் ஒரு குடும்பம். அப்பா பணி ஓய்வு பெற்றவர், காலையில் ஐந்து கிலோமீட்டர் நடப்பவர். மகள் கல்லூரியில். மூன்று தடவை வந்து பார்த்தார்கள். மூன்றாவது தடவை அந்தப் பெரியவர் நான் சொல்லாமலேயே சாக்கை எடுத்து விரித்தார்.

ஒப்படைப்பு

ஒரு வாரத்துக்கான அதே உணவு, ஊசி அட்டை, துவைக்காத சாக்கு, நோட்டின் நகல். கருத்தடை எந்த வயதில் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, அதைச் செய்வோம் என்று அவர்கள் கையெழுத்திட்ட தாள். பகல் நேரத்தில் அனுப்புங்கள், இருட்டில் புது வீடு எந்தக் குட்டிக்கும் பயம்தான். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் எந்தக் குட்டியையும் நான் அனுப்புவதில்லை.

முதல் மூன்று நாள் தினமும் போனில் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு நேரில் போகாதீர்கள். உங்களைப் பார்த்தால் அது ஆடும் ஆட்டத்தில் புது வீட்டார் மனம் சுருங்கும். குட்டிக்கும் மறுபடி முதலிலிருந்து.

கடுகு போன பதினொன்றாம் நாள் மாலை அந்தப் பெரியவர் கூப்பிட்டார். குரலில் கவலை.

"அம்மா, ஒரு சந்தேகம். ஒரு மணி நேரமா அந்தச் சாக்குல படுத்துக் கிடக்கு. நான் எழுந்தாலும் எழுந்திருக்கல. நீங்க எழுதினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே. உடம்பு கிடம்பு சரியில்லையோ?"

மதியம் சாப்பிட்டதா என்று கேட்டேன். சாப்பிட்டதாம். தண்ணீர் குடித்ததா, வெளிக்குச் சரியாகப் போனதா, ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறதா? எல்லாம் சரியாம். இடுப்பை ஒரு பக்கம் சாய்த்துப் படுத்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன்.

போனைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்து வந்தார்.

"ஆமாம்மா. ஒரு பக்கமா சாஞ்சுதான் கிடக்கு. பெருமூச்சு வேற விடுது."

"அப்ப நாலு துண்டு கோழி எடுத்துட்டுப் போங்க சார்," என்றேன். "ஒவ்வொண்ணா வைங்க. மெதுவா."